அருகிலுள்ள வெள்ளை வேட்டி

கருக்கன்வலசுப் பேரூராட்சித் தலைவர் வெள்ளியங்கிரி, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கட்டிய கட்டணக் கழிப்பறையைத் திறந்துவைக்கக் குனிந்து ரிப்பனை வெட்டிய நேரத்தில், அவருடைய எட்டு முழ வேட்டியின் பின்பக்கத்தில், யார் கையும் படாமல், கருப்பு மையில், வரி பிசகாமல் ‘இது ஒரு சோதனை’ என்று அச்சாகி வந்தது. அதற்கு மேலே பொடி எழுத்தில் ‘பக்கம் 1’ என்றும் போட்டிருந்தது. கூடியிருந்தவர்கள் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். யாரும் அலறவில்லை, ஓடவில்லை. இத்தனை வருசம் தலைவராக இருந்த மனுசனுக்கு உள்ளே எவ்வளவு பாரம் இருந்தால் இப்படி வேட்டியில் போட்டுக்கொண்டு வருவார் என்று பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். பெரியவர் ஒருவர் தலைவரின் கையைப் பிடித்து, “மனச விட்டுராதீங்க, எல்லாருக்கும் வரதுதானுங்” என்றார். கழிப்பறைக்குத் தண்ணீர் வராததைத்தான் சொல்கிறார் என்று எண்ணிய தலைவர், “ஆமாங், என்ன பண்றது, தாண்டித்தான் வரோணும்” என்றார்.

அதே நிமிசத்தில், கடைவீதியில் சென்னியப்பன் சலவையகத்தின் மாடி அறையில், சென்னியப்பனின் மனைவி கோகிலவாணி மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து, அச்சிடும் கட்டளையைத் தட்டிவிட்டு, ஒன்றும் வரவில்லையே என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றும் வராததில் அதிசயமில்லை. அந்த வீட்டில் பிரிண்டரே கிடையாது.

அவள் செய்துகொண்டிருந்தது ஒரு டெக்ஸ்ட் எடிட்டருக்கான தமிழ்க் கையேடு. அது வெறுமனே எழுதவும் அழிக்கவும் மட்டும் உதவும் எடிட்டர் இல்லை. பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் எதையும் கற்றுக்கொள்ளும், கற்றுக்கொண்டதை நம்மைக் கேட்காமலேயே செய்யவும் செய்யும், அந்த வகையில் நல்ல மருமகனுக்கும் கெட்ட மருமகனுக்கும் நடுவில் இருக்கிற சாதி. உலகம் முழுக்கச் சும்மா கிடைக்கிற அந்த எடிட்டரின் கையேட்டை ஆளுக்கு ஓர் அத்தியாயமாகப் பிரித்துக்கொண்டு சில பேர் தமிழில் எழுதினார்கள். தேடுவதும் மாற்றுவதும் ஒரு பெங்களூர்க்காரருக்குப் போயின, வண்ணங்களும் எழுத்துருக்களும் ஒரு பேராசிரியருக்குப் போயின, அச்சிடும் கட்டளைகள் கடைசியில் கோகிலவாணிக்கு வந்தன. பிரித்துக்கொடுத்த நாகர்கோவில் ஜெபசீலன் போனில் ஒளிக்காமல் சொன்னார்: “மேடம், இந்தக் காலத்துல அச்செடுக்கது யாராக்கும்? ஒருத்தனும் படிக்கமாட்டான். அதனால நீங்க நிம்மதியாட்டு எழுதலாம்.”

அந்த ‘நிம்மதியாட்டு’ அவளைக் குத்தியது. யாரும் படிக்காத அத்தியாயத்தை ஒரு பிழை இல்லாமல் எழுதிக் காட்டுவது என்று உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு கட்டளையையும் தானே தட்டிப் பார்க்காமல் ஒரு வாக்கியம் எழுதக்கூடாது என்பது அவள் வைத்துக்கொண்ட வைராக்கியம். பிரிண்டர் இல்லாதவள் அச்சுக் கட்டளையைத் தட்டிப் பார்த்தால் என்ன ஆகும் என்று கையேட்டில் எங்கும் சொல்லியிருக்கவில்லை.

வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் திரும்பிப் பார்த்த வெள்ளியங்கிரி, அந்த வேட்டியோடேயே சலவையகத்துக்கு வந்தார்.

“டேய் சென்னியப்பா! கஞ்சி போடச் சொன்னா கவிதை போட்டிருக்கற?”

சென்னியப்பன் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடிவந்தான். தலைவரின் வேட்டி அந்தக் கடைக்குச் சாமி விக்கிரகம் மாதிரி. அவர் வீட்டு மூட்டை வந்தால்தான் மற்ற கட்சிக்காரர்களின் மூட்டையும் வரும். அவருக்கு ஒரு லுங்கியைக் கொடுத்து, வேட்டியை வாங்கி வெந்நீரில் ஊறவைத்தான், சோப்பு போட்டான், எலுமிச்சை தேய்த்தான், ப்ளீச்சிங் பவுடரில் முக்கி எடுத்தான். துணி இன்னும் வெளுத்தது. வெளுக்க வெளுக்க எழுத்து இன்னும் பளிச்சென்று தெரிந்தது. சத்தம் கேட்டு இறங்கிவந்த கோகிலவாணி, தான் தட்டிய வாக்கியம் தொட்டித் தண்ணீரில் மிதப்பதைப் பார்த்தாள்.

“சித்த இருங்க” என்று சொல்லிவிட்டு மேலே ஓடினாள்.

இந்த முறை ‘பகுதியை மட்டும் அச்சிடு’ என்ற கட்டளை. எழுதியதில் ‘ஒரு’ என்ற சொல்லை மட்டும் தேர்ந்தெடுத்துத் தட்டினாள். கீழே, தலைவருக்குத் துணையாக வந்த கவுன்சிலரின் பின்பக்கத்தில் ‘ஒரு’ என்று விழுந்தது. “ஒரு என்னங்?” என்று சென்னியப்பன் கேட்டான். கவுன்சிலர் தன் பின்பக்கத்தை எட்டிப் பார்க்கப்போய் நின்ற இடத்திலேயே இரண்டு சுற்றுச் சுற்றினார். மாடியில் கோகிலவாணி சந்தோசமாக எழுதிக்கொண்டாள்: ‘பிரிண்டர் பெயர் குறிப்பிடப்படாதபோது, வெளியீடு அருகிலுள்ள வெள்ளை வேட்டிக்குச் செல்லும்.’ ‘அருகில்’ என்பதை எப்படி அளக்கும் என்று மட்டும் எடிட்டர் கடைசிவரை சொல்லவில்லை.

அவள் இதை ஜெபசீலனுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

“எந்தப் பதிப்பு போட்டிருக்கீங்க மேடம்?”

“புதுசுதானுங்.”

“மறுபடி செஞ்சா மறுபடி வருதா?”

“ஒவ்வொரு தடவையும் வருதுங்.”

“அப்போ கோளாறு இல்ல, வசதி. எழுதிருங்க” என்றார் ஜெபசீலன்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், தெருவுக்குப் புதுக் குழாய் வந்ததைப் போல எடுத்துக்கொண்டது. முதல் நாள் வேடிக்கை பார்த்தார்கள், இரண்டாம் நாள் குறை சொன்னார்கள், மூன்றாம் நாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ரேசன் கடையில் பாமாயில் வந்த செய்தி, மின்தடை நேரம், கெடா வெட்டுகிற வீட்டு விலாசம், காணாமல்போன எருமையின் கொம்பு வளைவு என்று எல்லாம் கோகிலவாணியிடம் வந்தது, அவளும் எப்படியும் ஏதாவது தட்டிச் சோதிக்கவேண்டியிருந்ததால் இதையே தட்டினாள். வெள்ளை வேட்டி கட்டியவர்களுக்குப் புது மரியாதை வந்தது. அவர்கள் நடந்தால் பின்னால் நாலு பேர் நடந்தார்கள். நீளமான செய்தி விழுந்தவரை, “ஏனுங், சித்த மெதுவாப் போங்க, இன்னும் ரெண்டு வரி இருக்குது” என்று நிறுத்திவைத்தார்கள். டீக்கடைக்காரர் வெள்ளை வேட்டிக்காரர்கள் சுவரைப் பார்த்து நின்றால் இலவச டீ என்றார். குறுக்குவாக்கில் அச்சிடும் கட்டளையை அவள் சோதித்த அன்று மட்டும், எழுத்தெல்லாம் படுத்துவிட்டதால், ஆட்களும் பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பிறகு மலையடிக் கோயில் முருகனின் வெள்ளைப் பட்டு வேட்டியில் ‘பக்கம் 3/7’ என்று போட்டு, ‘நடுவில் நின்றுவிட்டால் பதற வேண்டாம். வரிசையைப் பார்க்கவும்’ என்று விழுந்தது. அச்சு நடுவில் நின்றுபோனால் என்ன செய்வது என்று அவள் எழுதிய பத்தி அது. கோயிலிலோ, பல வருசமாக முண்டியடித்துக்கொண்டு சாமி கும்பிட்ட சனம் ஒரே நாளில் கயிறு கட்டியதுபோல வரிசையில் நின்றது. மீதி ஆறு பக்கமும் எங்கே என்று தேடி ஒரு கூட்டம் வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு சுற்றுவட்டாரத்துக் கோயில்களுக்கெல்லாம் போய்ச் சாமிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. சாமிகள் ஒத்துழைத்தன, அர்ச்சகர்கள்தான் தகராறு செய்தார்கள். அன்றிலிருந்து ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது: வேட்டி பொய் சொல்லாது.

அந்தப் பேச்சுதான் மயிலானந்தத்தின் தலையில் வந்து விழுந்தது.

மயிலானந்தம் சலவையகத்துக்கு நேரெதிரே விதைக்கடை வைத்திருந்தவர். நாற்பதைத் தாண்டியவர், தங்கைகளைக் கட்டிக்கொடுத்து, தகப்பனாரை அடக்கம் செய்து, நிமிர்ந்து பார்த்தபோது பெண் பார்க்கும் வயசு முடிந்துபோயிருந்தது. அந்தக் கார்த்திகையில்தான் கிழக்கு வீதியில் ஒரு வரன் திகைந்தது. பெண் சிந்தாமணி, நூல்மில்லில் கணக்கு எழுதுகிறவள், அவளுக்கும் வயசு கூடித்தான் போயிருந்தது. சென்னியப்பன் தன் கையால் கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டியைக் கட்டிக்கொண்டு போனவர், பஜ்ஜி தின்று, காப்பி குடித்து, பெண்ணை ஒருதரம் நிமிர்ந்து பார்த்து, கைகழுவ எழுந்து திரும்பினார். அவர் முதுகுக்குக் கீழே வீடு மொத்தமும் படித்தது: ‘இது பழையது. இனிப் பயன்படுத்த வேண்டாம்.’

அவர் கைகழுவிவிட்டு வருவதற்குள் சிந்தாமணியின் அண்ணன் வெற்றிலைத் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் மயிலானந்தம் சலவையகத்தின் மாடிக்கு ஏறிவந்தார். சண்டைக்கு வந்தவர் மாதிரி இல்லை. வேட்டியைக்கூட மாற்றிவிட்டிருந்தார், பச்சைக்கரை லுங்கிதான்.

“அம்மணி, என்ற வேட்டியில என்னமோ வந்துச்சாமா. அவுத்துப் போட்டதும் எங்கம்மா அதை அடுப்புல வெச்சுருச்சு. கேட்டா யாரும் சொல்லமாட்டீங்கறாங்க. நீங்கதான எழுதுனது, நீங்களே சொல்லுங்க.”

கோகிலவாணி அந்த இரண்டு வரியையும் சொன்னாள். சொல்லிவிட்டு, “அது உங்களச் சொன்னதில்லீங்ண்ணா. ஒரு பழைய கட்டளையைப் பத்தி எழுதுனதுங்” என்றாள்.

“அந்தக் கட்டளை கெட்டுப்போச்சுங்களா?”

“இல்லீங்.”

“இன்னும் வேலை செய்யுமுங்களா?”

“நல்லாவே செய்யுமுங். புதுசு ஒண்ணு வந்துருச்சு, அவ்வளவுதான்.”

“அப்பறம் எதுக்கு வேண்டாம்னு எழுதுனீங்க?” என்று கேட்டார் மயிலானந்தம். குத்திக்காட்டக் கேட்கவில்லை, நிசமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவள் அந்தப் பத்தியைத் திறந்து திரும்பப் படிப்பதைப் பார்த்து, “சரி, வேலையிருக்குது” என்று படியிறங்கிப்போனார்.

அவர் போய் விதைப் பொட்டலங்களை அடுக்குவதை அவள் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை நாளும் பிழை இல்லாத அத்தியாயம், பிழை இல்லாத அத்தியாயம் என்று பூரித்துக்கொண்டிருந்தவளுக்கு, எழுதியதை ஊரே படித்தபோது சுமந்தவன் மட்டும் படிக்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. முருகனையும் சேர்த்து ஒருத்தரையும் அவள் கேட்டதில்லை.

எடிட்டருக்கு ஒரு புது வேலை சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தாள். எதை அச்சிடச் சொன்னாலும் முதலில் கேள், பதில் வந்தபிறகு அச்சிடு. கேட்பதற்கு இரண்டே வரிதான், ஆனால் எடிட்டர் முரண்டு பிடித்தது. அடைப்புக்குறி ஒன்று குறைகிறது என்றது, போட்டால் ஒன்று அதிகம் என்றது. சென்னியப்பன் கொண்டுவந்த சோறு ஆறிப்போனது. ஒருவழியாக அது படிந்து வந்தபோது, கீழே இஸ்திரி மேசையில் விரித்திருந்த வேட்டியின் முன்பக்கத்தில் ‘அச்சிடலாமா? ஆம் / இல்லை’ என்று வந்து நின்றது.

“வாணி, இது என்னமோ கேக்குது!” என்று கத்தினான் சென்னியப்பன்.

“பதில் சொல்லுங்க.”

அவன் நாலுபக்கமும் பார்த்துவிட்டு வேட்டியிடம் குனிந்து, “வேண்டாங்” என்றான், மரியாதையாக. எழுத்து மறைந்தது. துணி வெள்ளையாகக் கிடந்தது. “அட” என்றான் சென்னியப்பன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் வேலையைப் பார்த்து அவன் சொன்ன முதல் பாராட்டு அது.

அந்த வாரமே தேர்தல் தேதி வந்தது. தலைவர் வெள்ளியங்கிரி பழத்தட்டோடு வந்து படியேறினார், பின்னால் கவுன்சிலர், அவருக்குப் பின்னால் சென்னியப்பன் முகம் வெளுத்து.

“அம்மணி, வேட்டி பொய் சொல்லாதுன்னு ஊரு நம்புது. நம்பட்டும். ஞாயித்துக்கிழமை மைதானத்துல கூட்டம் போடறேன், ஊரு ஆம்பளை அத்தனை பேரும் வெள்ளையில வருவாங்க. ஒவ்வொருத்தன் வேட்டியிலயும் ‘விடிவெள்ளி வெள்ளியங்கிரிக்கே என் ஓட்டு’ன்னு விழோணும். நாலாயிரம் பிரதி போட்டுரு.”

“பொம்பளைங்களுக்குங்?”

“அவங்க பின்னால நின்னு படிப்பாங்க.” தலைவர் சன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். “பேரூராட்சித் தண்ணிதான? நல்லா வருதா? நாளைக்கும் வரோணுமில்ல?”

சென்னியப்பன் அவருக்குப் பின்னாலிருந்து கையைக் கூப்பி அவளைக் கெஞ்சினான். தண்ணீர் நின்றால் கடை நிற்கும். கோகிலவாணி அவனைப் பார்த்தாள், தலைவரைப் பார்த்தாள்.

“போட்டுத்தரனுங். ஆனா இப்பெல்லாம் கட்டியிருக்கறவங்களைக் கேட்டுட்டுத்தான் அச்சாகும். ஆம்னா விழும், இல்லேன்னா விழாது. முன்னாடியே சொல்லிட்டேன்.”

“கேக்கட்டும்!” என்று சிரித்தார் தலைவர். “என்ற மூஞ்சிக்கு நேரா எவன் இல்லைம்பான்?”

அந்த வாரம் சலவையகத்தில் கொடி கட்டிய இடமெல்லாம் வேட்டிதான். தெருவே பந்தல் போட்டதுபோல வெளுத்துக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கொக்குக் கூட்டம் இறங்கியதுபோல ஆண்கள் நிறைந்தார்கள். மேடையில் தலைவர், அவர் முன்னால் மைக், மேடையின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் மடிக்கணினியோடு கோகிலவாணி, பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு சென்னியப்பன். தலைவர் கையை உயர்த்தினார். அவள் தட்டினாள்.

நாலாயிரம் வேட்டியின் முன்பக்கத்திலும் ஒரே நேரத்தில் கேள்வி வந்தது. எதிரில் நின்றவனுக்குத் தலைகீழாகவும், கட்டியிருந்தவன் குனிந்து பார்த்தால் நேராகவும் தெரியும்படி வந்தது. நாலாயிரம் தலை குனிந்தது. யார் வேண்டுமானாலும் எழுதிப் பழகிய துணி தங்களைப் பார்த்துக் கேட்டதில் அவர்களுக்கு ஒருமாதிரி வெட்கமாகிவிட்டது. சிலர் தலைவரைப் பார்த்தார்கள், சிலர் பக்கத்துக்காரனின் இடுப்பைப் பார்த்தார்கள்.

மூன்றாவது வரிசையிலிருந்து, அடுப்பில் போனதற்குப் பதிலாக வாங்கிய புது வேட்டியோடு நின்ற மயிலானந்தம், சாதாரணக் குரலில், கடைக்கு வந்தவரிடம் கத்தரி விதை இல்லை என்று சொல்வதுபோல, “வேண்டாமுங்” என்றார்.

பக்கத்திலிருந்தவர் “எனக்கும் வேண்டாங்” என்றார். பிறகு அங்கே ஒன்று, இங்கே ஒன்று, தூறல் போட்டு வலுப்பதுபோல மைதானம் முழுக்க “வேண்டாம், வேண்டாம்” என்று இறங்கியது. தலைவருக்கு ஓட்டுப் போட நினைத்து வந்தவர்கள்கூட, வேண்டாம் என்று சொல்லக் கிடைத்த வாய்ப்பை விட மனசில்லாமல் சொன்னார்கள். கவுன்சிலர் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்.

வெள்ளியங்கிரிக்கு ரத்தம் தலைக்கேறியது. அவர் வேட்டியும் அவரைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “ஆம்! ஆம்! ஆம்!” என்று அவர் போட்ட சத்தத்தில் ஒலிபெருக்கி கிறீச்சிட்டது.

அச்சிடவேண்டியது நாலாயிரம் பிரதி. சம்மதித்த வேட்டி ஒன்று. எடிட்டர் சொன்னதைச் செய்கிற சாதி. முதல் பிரதி விழுந்தது, அதன்மேல் இரண்டாவது விழுந்தது, அதன்மேல் அடுத்தது, விடிவெள்ளியின்மேல் விடிவெள்ளி, ஓட்டின்மேல் ஓட்டு, எழுத்து எழுத்தோடு சேர்ந்து வரியாகி, வரி வரியோடு சேர்ந்து பட்டையாகி, வேட்டி நிரம்பிச் சட்டைக்கு ஏறி, காலர் வரைக்கும் போய், கடைசிப் பிரதி முடிந்தபோது தலைவர் இடுக்கு விடாமல் கருப்பாக நின்றார்.

கார்த்திகை மாசம். கூட்டத்தில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு “சாமியே!” என்றார். மைதானம் “சரணம் ஐயப்பா!” என்றது. அதே நேரத்தில், டீக்கடை பெஞ்சில் முப்பது வருசமாகக் கடவுள் இல்லை என்று வாதாடிவந்த இரண்டு பெரியவர்கள், கடைசியில் ஒருத்தனுக்காவது புத்தி வந்ததே என்று கண்கலங்கி, கருப்புச் சட்டை போட்ட தோழரை வரவேற்க மேடையேறினார்கள். இரண்டு கட்சியும் தலைவரை ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தது. துளசிமாலை வைத்திருந்தவர்கள் முந்திக்கொண்டார்கள்.

மாலை விழுந்த பிறகு அவரால் என்ன செய்யமுடியும்? கழுத்தில் மாலையோடு சாராயம் குடிக்க முடியவில்லை, கெட்ட வார்த்தை பேச முடியவில்லை, சென்னியப்பனைக்கூட “சாமி, தண்ணி வருதுங்களா சாமி?” என்றுதான் கேட்கவேண்டியிருந்தது. வெறுங்காலோடு தெருத்தெருவாக நடந்ததில் குழிகள் எங்கே இருக்கின்றன என்று முதல்முறையாக அவருக்குத் தெரிந்தது, இரண்டை மூடவும் செய்தார். தேர்தலில் ஜெயித்தாரா என்றால், ஜெயித்தார். அதுவரைக்கும் வாங்காத அளவு ஓட்டு வாங்கி ஜெயித்தார். கோகிலவாணிக்கு அன்று முழுக்க எரிச்சல். சென்னியப்பன்தான், “விடு, மாலை கழட்டறவரைக்குமாவது நல்லா இருப்பாரு” என்றான்.

அத்தியாயம் முடிந்தது. கேட்டுவிட்டு அச்சிடும் வசதியை எல்லா ஊருக்கும் சேர்த்துவிடலாம் என்றார் ஜெபசீலன். பழைய கட்டளை வரும் இடத்தில் அவள் எழுதியிருந்ததை மாற்றினாள்: ‘இது முன்பு வந்தது. நன்றாக வேலை செய்யும்.’ ஜெபசீலன் இது கையேட்டு நடை இல்லை என்றார். அவள் மாற்ற மாட்டேன் என்றாள்.

பிறகு ஒரு மத்தியானம், மில் சீருடையோடு ஒரு பெண் மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

“நான் சிந்தாமணிங். கிழக்கு வீதி. சாப்பாட்டு நேரம், சீக்கிரம் போகோணும். எங்கண்ணனுக்குத் தெரியாம வந்திருக்கறேன்” என்றாள். சன்னலுக்கு அந்தப் பக்கம் விதைக்கடையைக் கண்ணால் காட்டினாள். “அவரு வேட்டியில நான் ஒண்ணு எழுதோணும். எங்கூட்டுல யாரும் என்னையக் கேக்கவே இல்லீங். படிச்சாங்க, தட்டைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.”

“அவரு ஆம்னாத்தான் விழுமுங்” என்றாள் கோகிலவாணி. “என்ன எழுதோணும்?”

சிந்தாமணி சொன்னாள். கோகிலவாணி சிரிப்பை அடக்கிக்கொண்டு, பிரிண்டர் பெயர் கேட்கும் இடத்தில் ‘மயிலானந்தம்’ என்று போட்டு, தட்டினாள். இருவரும் சன்னலோரம் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். கடையில் பூசணி விதை அளந்துகொண்டிருந்தவர் குனிந்து தன் மடியைப் பார்த்தார். கையிலிருந்த படி அப்படியே நின்றது. தெருவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மீசையைத் தடவிக்கொண்டார். சிந்தாமணி கோகிலவாணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அவர் வாய் அசைந்தது. திரையில் ‘ஆம்’ என்று வந்தது.

விதை வாங்க வந்த கிழவரைத்தான் மயிலானந்தம் திரும்பி நின்று படிக்கச்சொன்னார். கிழவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி படித்தார்:

“‘வயசு பரவாயில்லீங். மீசைய மட்டும் எடுத்துருங்க.’ பக்கம் ஒண்ணு. அவ்வளவுதானப்பா, வேறெதும் இல்லை.”

மயிலானந்தம் எதிர்மாடிச் சன்னலில் தெரிந்த மில் சீருடையை நிமிர்ந்து பார்த்தார், விதையை அப்படியே போட்டுவிட்டு, கல்லாவைப் பூட்டாமல், எதிர்வெயிலில் சலூன் பக்கமாக ஓடினார்.